செல்லம்மா காயவைத்த சுவர்

செல்லம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சுவர் பூசுகிற கரணையைப் பிடிக்க வேண்டும், அதையும் நாலு பேர் பார்க்கப் பிடிக்க வேண்டும்.

யாரும் பார்க்காத இடத்தில் அவள் அதைப் பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது. செப்டிக் டேங்கின் உட்சுவர், தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி, பரணின் மேல்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத இடமாக வந்தால், "நீயே பூசிடு செல்லம்மா" என்று கொத்தனார்கள் பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள். வெளிச்சுவர் வந்ததும் கரணை அவர்கள் கைக்குத் திரும்பிவிடும். கலவைச் சட்டி அவள் தலைக்குத் திரும்பிவிடும்.

கட்டட வேலையில் இது எழுதாத சட்டம். ஆண்பிள்ளை சித்தாளாக நுழைந்தால் மூன்று வருஷத்தில் கொத்தனார், கொஞ்சம் வாயும் இருந்தால் மேஸ்திரி. பெண் சித்தாளாக நுழைந்தால் இடுப்பு தேயும்வரை கல்லும் மண்ணும் சுமந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏன் என்று கேட்டால், பொம்பளை கட்டின சுவர் நிற்காது என்பார்கள். கட்டவே விடாதவர்களுக்கு அது நிற்காது என்று எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

நான் கல்யாணி. அம்பாசமுத்திரத்துக்காரி. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலக நூலகத்தில் வேலை. என் வீட்டுக்காரர் சம்பத் அங்கேயே கருவிகள் பிரிவில் இருந்தார். 1989இல் புதுப்பட்டினத்துக்கு மேற்கே மனை வாங்கி வீடு கட்டினோம். நஞ்சை நிலத்தைக் கூறுபோட்டு விற்ற மனை. முந்தின வருஷம் வரை அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவள் செல்லம்மா. மனைக்கல் ஊன்றியதும் அதே இடத்துக்குச் செங்கல் சுமக்க வந்தாள். நிலம் இப்படி ஆகிவிட்டதில் வருத்தமில்லையா என்று ஒருமுறை நான் உருக்கமாகக் கேட்டுவைத்தேன்.

"எங்க நெலமா அது, நான் வருத்தப்பட? குனிஞ்சிகினு செஞ்ச வேலைய இப்ப நிமிந்துகினு செய்றேன். அவ்ளோதான்" என்றாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் எதையும் உருக்கமாகக் கேட்பதில்லை.

குடிவந்து மூன்று வருஷம் வீடு நன்றாகத்தான் இருந்தது. பிறகு தெருவுக்குத் தார்ச்சாலை வந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லி கொட்டி அடுத்த சாலை, அதன் மேல் இன்னொன்று. சாலை உயர உயர வீடு பள்ளத்துக்குப் போனது. மழைத் தண்ணீர் தெருவிலிருந்து நேராக வாசலுக்கு வரத் தொடங்கியதும், சம்பத் லாரி லாரியாகச் சவுடு மண் அடித்து வீட்டைச் சுற்றி மேடாக்கினார். அடுத்த வருஷமே மறுபடி அடித்தார். வாசலுக்கு மூன்று படி இருந்தது, மண் ஏறி ஏறி ஒரு படியும் மிஞ்சவில்லை. அவருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. வருகிறவர்களையெல்லாம் வீட்டைச் சுற்றி நடத்திப்போய்க் காட்டுவார். நானும் கூடவே நின்று தலையாட்டினேன், பொய் சொல்லக் கூடாது.

அடுத்த மழைக்கே ஹால் சுவரில் ஓதம் தெரிந்தது. தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு ஈரம், பிறகு முழங்கால் வரை. பூச்சு உப்பிக்கொண்டு தொட்டால் உதிர்ந்தது. வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. ஊருக்கெல்லாம் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக் கொடுக்கிறவள் நான், என் வீட்டு அலமாரியில் அடித்தட்டுப் புத்தகங்கள் முழுக்கப் பூசணம். அன்றைக்கு நான் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சம்பத் சத்தம் போடுகிறவர் இல்லை, அளக்கிறவர். ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் சுவரில் கோடு கிழித்துத் தேதி எழுதுவார். பக்கத்திலேயே எங்கள் மகள் அனுவின் உயரத்துக்கும் கோடு இருந்தது. ஓதம் அவளைவிட வேகமாக வளர்ந்தது.

வீட்டைக் கட்டிய ராஜாராம் மேஸ்திரியையே கூப்பிட்டோம். நல்ல வேலைக்காரர், ஆனால் தான் சொன்னதற்கு மறுபேச்சு இருக்கக் கூடாது அவருக்கு. மூன்றடிக்குக் கொத்திவிட்டு, சிமெண்டை அள்ளிப் போட்டுக் கெட்டியாகப் பூசினார். அடுத்த வருஷம் அந்தப் பூச்சுக்கு மேலே ஓதம் தெரிந்தது. நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினார். ஐந்தாவது அடியில் தெரிந்தது. சுவருக்குள் இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே மேலே ஏறியிருக்கிறது. இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது டைல்ஸ் பளபளக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

1997 சித்திரையில் ராஜாராம் மூன்றாம் முறையாக வந்தார். கூரைவரைக்கும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். சமையலறையில்கூட அவ்வளவு ஒட்டியதில்லை, ஹால் பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே என்று நான் முனகிக்கொண்டிருந்தபோது, கலவை கொண்டுவர வேண்டிய செல்லம்மாவைக் காணவில்லை. மேஸ்திரி கத்திக்கொண்டே வெளியே போனார். நாங்களும் போனோம். அவள் வெளிச்சுவரை ஒட்டி உட்கார்ந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, பொதையலா தேடிகினு கீற?"

"கறுப்புப் பட்டயத் தேடுறேன் மேஸ்திரி" என்றாள் செல்லம்மா. புடவையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பைக் காட்டினாள். "இந்த வூடு கட்டச்சொல்ல, செவுரு எழுப்பறதுக்கு முன்னால தார காச்சி ஊத்தனோமே, நான்தான் டின்னுல தூக்கினு வந்தேன். சிந்தி இங்க வெந்து பூட்ச்சி. பதினஞ்சி நாளு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அந்தத் தாரு எந்த ஒசரத்துல கீதுன்னு எனக்கு மறக்குமா? தோ பாருங்க, மண்ணுக்கு அடியில பூட்ச்சி."

குனிந்து பார்த்தோம். ஒரு சாண் ஆழத்தில், அவள் சுரண்டிய பூச்சுக்குப் பின்னால், கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

வீடு கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும், கட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையிலுள்ள ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கும். அதைத் தடுக்கத்தான் அடித்தளத்துக்கு மேலே தார் ஊற்றி, அதற்கு மேல் சுவரை எழுப்புகிறார்கள். தாருக்குக் கீழே மண் இருக்கும்வரை கவலையில்லை. சம்பத் அடித்த சவுடு அந்தத் தாரையே மூடி, அதற்கு மேலிருக்கும் செங்கல்லில் சாய்ந்துகொண்டிருந்தது. தார் பாட்டுக்குக் கீழே கிடக்க, ஈரம் பக்கவாட்டில் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. நாலு வருஷமாக அவர் பெருமையாகச் சுற்றிக்காட்டிய மேடுதான் எங்கள் வியாதி. பாவம், அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ராஜாராமுக்கு முகம் வேறுமாதிரி போனது. தார் மூடினதைத் தான் கவனிக்கவில்லை என்பதைவிட, அதைக் கவனித்தது யார் என்பதுதான் அவருக்கு ஆகவில்லை.

"சார், முப்பது வருசமா கரண புடிக்கறவன் நானு. சட்டி தூக்கறது எனக்குப் பாடம் எடுக்குதா? அது பேச்சதான் கேப்பீங்கன்னா, அத்தயே வச்சி செஞ்சிக்கோங்க." செல்லம்மா பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து ஒன்ன எவனும் எந்த சைட்லயும் சேக்க மாட்டான். சொல்லிட்டுதான் மறுவேல."

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். செல்லம்மா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அக்கா, நான் செய்றேன். ஐப்பசி, கார்த்திக ரெண்டு மாச மழையும் போவட்டும். அப்பறமும் இந்தச் செவுத்துல ஓதம் நின்னாக்கா, நான் ஜென்மத்துக்கும் கரணையத் தொட மாட்டேன். காஞ்சிடுச்சின்னா, தெருப்பக்கம் பூச்சு வேல நான்தான் செய்வேன். பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அவள்மேல் நம்பிக்கை வந்து சொன்னதில்லை அது. ராஜாராம் பேசிய தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. நான் கோபத்தில் எடுத்த முடிவுகளில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் மேரி என்ற இன்னொரு சித்தாளோடு வந்து இறங்கினாள். வீட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சவுட்டை வெட்டி, பழைய தரை தெரியும்வரை இறக்கினார்கள். மூடிக்கிடந்த கறுப்புக் கோடு நாலு பக்கமும் வெளியே வந்தது. ஆனால் வீட்டைச் சுற்றி ஒரு கால்வாய் வெட்டியாகிவிட்டது, சாலையோ அதைவிட மேடு, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? ஒரு மூலையில் ஆழமாகக் குழி தோண்டி சிமெண்ட் உறை இறக்கி, தண்ணீரை மண்ணுக்குள் விடுவது என்று முடிவானது. எந்த மூலை என்பதில்தான் சண்டை வந்தது. ஈசானிய மூலையில்தான் தண்ணீர் இருக்க வேண்டும், வாஸ்து அப்படித்தான் சொல்கிறது என்றார் சம்பத். கருவிகள் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் பேசுகிற பேச்சு அது.

செல்லம்மா வடமேற்கு மூலைக்குப் போய்க் காலால் தரையைத் தட்டினாள். "இங்க நாத்து நட்டா நிக்காது சார். மத்த எடத்துல தண்ணி கெடக்கும், இங்க மட்டும் காஞ்சிடும். நாங்க கொடத்துல மொண்டாந்து ஊத்துவோம். அடியில கடல் மணலு."

சம்பத் இரண்டு மூலையிலும் ஒரே அளவுக்குச் சின்னக் குழி தோண்டி, ஆறாறு வாளி தண்ணீர் ஊற்றிக் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். ஈசானியத்தில் மத்தியானம்வரை தண்ணீர் நின்றது. வடமேற்கில் அவர் நேரத்தைக் குறித்து நிமிர்வதற்குள் காணாமல் போயிருந்தது. வாஸ்துவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே டைல்ஸையெல்லாம் பெயர்த்து, பூச்சையும் கொத்தி எடுத்து, செங்கல்லை அப்படியே விட்டுவிட்டாள். மழைக்காலம் முடியும்வரை அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். செங்கல்லில் பூக்கிற உப்பைத் தினமும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை.

"தண்ணி மட்டும் வுட்றாதீங்க அக்கா. உப்பு கரைஞ்சி திரும்ப உள்ளயே பூடும்" என்றாள். நாலு வருஷமாக ஈரத்துணியால் அதைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் பார்த்தவள் நான்.

தீபாவளிக்கு வந்த என் நாத்தனார் ஹாலில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "மதினி, வீடு இன்னும் கட்டி முடியலையோ?" என்று கேட்டாள். அவளுக்கு அதிரசத்தைக் கொடுத்து வாயை அடைத்தேன். ராஜாராமின் வாயை அடைக்க முடியவில்லை. சித்தாள் பேச்சைக் கேட்டுச் சுவரைச் சுற்றித் தோண்டிவிட்டார்கள், பெரிய மழைக்கு வீடு உட்கார்ந்துவிடும் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லம்மா விஷயத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு கட்டடத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. அவள் கோவளத்துக்குப் பஸ் ஏறிப்போய்க் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "மேல காஞ்சிகினு வருது, கீழ இன்னும் ஜில்லுனு கீது" என்பாள். ஒருநாள்கூடக் கவலையாக அவளை நான் பார்த்ததில்லை. கவலை எனக்குத்தான் இருந்தது. ஓதம் திரும்பி வந்தால் எனக்கு ஒரு சுவர்தான் போகும், அவளுக்கு எல்லாமே போகும் என்ற நினைப்பு என்னைப் பிடுங்கித் தின்றது.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் கால்வாயில் விழுந்த தண்ணீரெல்லாம் குழிக்குள் இறங்கிப் போனது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கால்வாய் நிறைந்து நிற்கிறது. கறுப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர். சம்பத் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்கேலை வைத்து அளந்தார். அரைமணி கழித்து அளந்தபோது ஒரு விரல்தான் மிச்சம். நான் வாசலில் நின்று அவரைத் திட்டினேன், ராஜாராமைத் திட்டினேன், மழையைத் திட்டினேன்.

பத்து மணிக்கு செல்லம்மா யூரியா சாக்கை மழைக்குத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கோவளத்தில் அன்றைக்குக் காயவைக்க வெயிலும் இல்லை, மீனும் இல்லை. தண்ணீரைப் பார்த்தாள். நேராகக் குழிக்குப் போய், மேலிருந்த பலகையைத் தூக்கினாள். குழியின் வாயில் நைலான் கொசுவலை நாலாக மடித்து இறுக்கிக் கட்டியிருந்தது. அதில் சேறும் வேப்பிலையும் அப்பி, அடைப்பு போட்டதுபோல் இருந்தது.

"இத்த யாரு கட்டுனது?"

"கொசு உள்ள போய் முட்டை வச்சிரும்னு..." என்று சம்பத் ஆரம்பித்தார்.

"கொசு போவல சார். தண்ணியும் போவல" என்று செல்லம்மா வாய்விட்டுச் சிரித்தாள். முழங்கை வரை உள்ளே விட்டு வலையைப் பிய்த்து எறிந்தாள். தண்ணீர் கடகடவென்று சத்தத்தோடு இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கால்வாயின் தரை தெரிந்தது. கறுப்புக் கோட்டைத் தண்ணீர் தொடவே இல்லை. எனக்கு வந்த அழுகையை அடுக்களையில் போய் அழுதுவிட்டு, அவளுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

கார்த்திகை பாதிவரை விட்டு விட்டுப் பெய்தது. மார்கழி முழுக்க நான் உப்புத் தட்டினேன், பிரஷ்ஷில் வருவது குறைந்துகொண்டே வந்தது. தை பிறந்ததும் சம்பத் பென்சிலை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனார். அடியிலிருந்து மேல்வரை தடவிப் பார்த்தார். குறிக்க ஒன்றும் இல்லை. நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சுவர் சுவராக இருந்தது.

செல்லம்மா மாசியில் தெருப்பக்கத்துச் சுவரைப் பூசினாள், காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பட்டப்பகலில். சிமெண்டைக் குறைத்து, சுண்ணாம்பைக் கூட்டிக் கலவை போட்டாள், சுவர் மூச்சு விட வேண்டுமாம். கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு பிடி கலவைகூட இறங்காமல் நேராக வெட்டி நிறுத்தினாள். கலவைச் சட்டியை மேரி தூக்கிக் கொடுத்தாள். பால்காரர் நின்றார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்றார்கள், பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் இருவர் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கழுத்து நிமிர்ந்திருந்தது. நான் அன்று லீவு போட்டுவிட்டு ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு ஏதோ பரிசு கிடைத்ததுபோல் இருந்தது.

மூன்று மணிவாக்கில் ராஜாராம் மொபெட்டில் வந்து இறங்கினார். கீழே கிடந்த மட்டப்பலகையை எடுத்துச் சுவரில் மேலும் கீழும் வைத்துப் பார்த்தார். மூலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"மூல நேராதான் கீது" என்றார். பலகையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை.

அந்த வருஷமே எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். எல்லாருமே சாலைக்குப் பயந்து சவுடு அடித்துத் தாரை மூடியவர்கள். போகிற வீடெல்லாம், "செவுத்து மேல மண்ண சாய்க்காதீங்க" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். ஒரு வீட்டில் சுவரையே உப்புத் தண்ணீரில் கட்டியிருந்தார்கள். அது தன்னால் ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதனால் அவள்மேல் இன்னும் நம்பிக்கை வந்தது. மெல்ல மெல்ல ஓத வேலையிலிருந்து புது வீடு கட்டும் வேலைக்கு வந்தாள். 2002இல் எங்கள் மாடியில் இரண்டு அறை எழுப்பியபோது மேஸ்திரி செல்லம்மாதான். அவளுக்குக் கீழே இரண்டு கொத்தனார்கள், மூன்று சித்தாள்கள்.

மாடியில் பால் காய்ச்சிய அன்று வேலை செய்தவர்களுக்கு மரியாதை செய்தோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புதுத்துணி வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுப்பது வழக்கம், முதல் தட்டு மேஸ்திரிக்கு. அதற்கென்று நானே காஞ்சிபுரம் போய், மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்று எடுத்திருந்தேன். கொத்தனார்களுக்கும் தச்சருக்கும் வேட்டி துண்டு. சித்தாள்களுக்கு நூல் புடவை. செல்லம்மாவை முதலில் கூப்பிட்டேன். வந்தாள். தட்டைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"பொடவ ஷோக்கா கீது அக்கா. இத்த மேரிக்குக் குடுங்க."

"ஏன் செல்லம்மா? உனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது."

"கீழ் வூடு கட்டச்சொல்லவும் எனக்குப் பொடவதான் குடுத்தீங்க. அப்ப நான் சித்தாளு. ராஜாராம் மேஸ்திரிக்கு இன்னா குடுத்தீங்க?"

கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். "வேட்டி துண்டு" என்றார் சம்பத் மெதுவாக.

"அத்த குடுங்க" என்றாள் செல்லம்மா.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவ்வளவு தூரம் போய் எடுத்துவந்த புடவை. பிறகு கோபம் போய் வெட்கமாக இருந்தது. நாலு வருஷமாக அவளை மேஸ்திரி மேஸ்திரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஜவுளிக்கடையில் போய் நின்றதும் பொம்பளை என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியிருக்கிறது. உள்ளே போனேன். சம்பத் அன்றைக்குக் கட்டிக்கொள்ள வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியையும் துண்டையும் பிரிக்காமல் எடுத்துவந்து, தட்டில் வைத்து, குனிந்து கொடுத்தேன்.

செல்லம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டை ஒரு உதறு உதறித் தலையில் முண்டாசாகக் கட்டினாள், மல்லிகைப் பூவுக்கு மேலேயே. பந்தியில் மேஸ்திரிக்கென்று முதலாவதாகப் போட்டிருந்த இலையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் சாதத்தை எடுத்துக்கொண்டு போய் முதலில் அவளுக்குப் பரிமாறினேன்.